இரண்டாயிரத்து நானூறு இழைகள்

அத்தியாயம் 11

மயிலம்மாளும் மருமகள் நிரோஷாவும் முகம் பார்த்துப் பேசிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் "சோறு இருக்கு", "கேஸ் தீரப் போகுது" என்பதற்கு மேல் ஒரு சொல் நகரவில்லை.

சண்டைக்குக் காரணம் ஷாமினியின் கூறைப் புடவை.

மகள் ஷாமினிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை சுகுமாறன், பாரோய்க்காரன், லிப்ட் பழுது பார்க்கும் வேலை. பத்திரிகைகூட அடித்தாயிற்று. கூறையைக் காஞ்சிபுரத்திலிருந்து வரவழைத்துவிடலாம் என்று மயிலம்மாள் ஆசையோடு இருந்தபோது, "எனக்கு அண்ணி நெய்யிற பொடவதான் வேணும்மா" என்று ஷாமினி ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

அந்த அண்ணிதான் நிரோஷா. சிரம்பானை ஒட்டிய ராசாவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். மயிலம்மாளின் மகன் ஹேமநாதனைக் கைப்பிடித்து இந்த ரந்தா தோட்டத்துக்கு வந்தவள், பேங்க் வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷமாகத் தறி நெய்கிறாள். ஹேமநாதனுக்கு மீரியில் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவான். கட்டில் அளவு பெரிய தறி வீட்டுக்குள் நுழையவில்லை. தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போவதற்காக அந்தக் காலத்தில் கட்டிய ஆயாக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுச் சாவி வாங்கி, தறியை அங்கே நிறுத்தியிருந்தாள் நிரோஷா.

பத்திரிகை வைக்கப் போன ஒரு வீட்டில், நாலு பேர் முன்னால், "என் மருமவளுக்கு வேற வேலை இல்ல. பொழுது போகாம நூல் சுத்திக்கிட்டு இருக்கா" என்று மயிலம்மாள் வாய்விட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் நிரோஷா பக்கத்தில் நிற்பதைக் கவனித்தாள்.

நிரோஷா பத்திரிகைப் பையை எடுத்துக்கொண்டு முதலில் வெளியேறினாள். அன்றிலிருந்துதான் வீட்டில் பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. ஜோகூரில் நர்ஸ் வேலை பார்க்கும் ஷாமினி இன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அண்ணியோடு சேர்ந்து பாவு சுற்றப் போகிறாளாம். அவளைக் காணவில்லை. மயிலம்மாள் மூன்று தடவை போன் அடித்தாள். எடுக்கவில்லை.

அடுக்களை வாசலில் நிழல் தட்டியது. நிரோஷா நின்றாள்.

"மாமி, இண்டைக்குப் பாவு சுத்தோணும். மூண்டு பேர் வேணும். பக்கத்து வீட்டு முத்தாயி அக்காவைக் கேட்டன், அவ கோயிலுக்குப் போயிட்டா. நீங்க ஒருக்கா வர ஏலுமோ?"

பதினாறு நாளில் அதுதான் நீளமான பேச்சு. மயிலம்மாளுக்குக் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"ஷாமினி வந்துடுவா லா. பஸ்ஸு லேட்டாயிருக்கும்."

நிரோஷா தரையைப் பார்த்தாள். "அவவுக்காகக் காத்திருக்கேலாது மாமி. மத்தியானம் மழை வந்தால் நூல் ஈரம் குடிச்சிடும்."

மயிலம்மாள் அடுப்பை அணைத்தாள்.

தறி வந்ததிலிருந்து அவள் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்று சபதமெல்லாம் இல்லை. வைக்காமலே நாள் ஓடிவிட்டது. இன்றைக்கு மருமகளுக்குப் பின்னால் படியேறி உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றாள்.

நடுவில் தறி. அதன் மேல் சட்டத்தில் ஒரு பெரிய சடை தொங்கியது. பெண்பிள்ளையின் சடையை ஆறேழு மடங்கு பருமனாக்கினாற்போல, அரக்குச் சிவப்பில், ஓரங்களில் மட்டும் மஞ்சள்.

"என்னாது இது?"

"இதுதான் பாவு மாமி. புடவையில நெடுக்கா ஓடுற நூல் முழுக்க இதுக்குள்ள இருக்கு. சிக்காமல் இருக்கச் சடை மாதிரிப் பின்னி வச்சிருக்கு."

"எத்தனை நூலு?"

"ரெண்டாயிரத்து நானூறு."

மயிலம்மாள் சிரிக்கப் பார்த்தாள். நிரோஷாவின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"யாரு எண்ணுனது?"

"நான்தான். சுவரில அந்த முளைகள் தெரியுதே, அதைச் சுத்திச் சுத்தி ஒவ்வொரு நூலா அளந்தது. ஒன்பது நாள். ஒவ்வொண்டும் எட்டு மீட்டர்."

மயிலம்மாள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். கணக்கு அவளுக்குப் புதிதில்லை. சினாவாங் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் ஒட்டியவள். பத்தொன்பது கிலோமீட்டர் சொச்சம் என்று விடை வந்தபோது, தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் பெருக்கினாள். அதே விடைதான் வந்தது.

இங்கிருந்து நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சிரம்பான் போய்ச் சேர்ந்துவிடலாம். அத்தனையும் இந்தச் சடைக்குள் இருந்தது. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நிரோஷா வீட்டில் சமைத்திருக்கிறாள், துணி துவைத்திருக்கிறாள், கேஸ் தீரப் போகிறது என்று சொல்லியிருக்கிறாள்.

நிரோஷா அதற்குள் வேலையில் இறங்கிவிட்டாள். தறியின் பின்பக்கம் கிடந்த மர உருளைக்கு முன்னால், ஆணிகளை வரிசையாக அடித்த நீளமான சீப்பு ஒன்று கட்டியிருந்தது. சடையின் ஒரு முனை அங்கே ஏற்கெனவே பிரிந்து விரிந்திருந்தது. ஆணிக்கும் ஆணிக்கும் இடையில் இருபத்தைந்து இழை. அப்படித் தொண்ணூற்றாறு சந்து. எந்தச் சந்திலாவது ஒரு இழை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"ஒருத்தர் இந்தக் கைப்பிடியைச் சுத்தினால் நூல் உருளையில ஏறும். ஒருத்தர் பக்கத்தில நிண்டு சிக்குப் பாத்து, ஒவ்வொரு சுத்துக்கும் நடுவில தாள் வைக்கோணும். இன்னொருத்தர் அந்தத் தலைப்பில முழுப்பாவையும் இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, மெல்ல மெல்லத் தறியைப் பாத்து நடந்து வரோணும். அவர்தான் முக்கியம். பிடி தளர்ந்தால் நூல் தொய்யும். தொய்ஞ்சால் ஒண்டோடை ஒண்டு பின்னிக்கொள்ளும். பிறகு ஆராலும் பிரிக்கேலாது."

"அப்ப வெட்டிப் போட்டுட வேண்டியதுதானா?"

"ஓம் மாமி."

இரண்டு பேர் இருந்தார்கள். மூன்று இடம் இருந்தது. மயிலம்மாள் மறுபடியும் ஷாமினிக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. ஷாமினி என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். இறங்கியது சுகுமாறன். சட்டை கசங்கி, ராத்திரி தூங்காத கண்களோடு.

"வாங்க மாப்ள! என்னா இந்த நேரத்துல? ஷாமினி உங்களோட வந்துட்டாளா?"

"இல்ல அத்தை. நான் மட்டும்தான். உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். நல்ல நேரத்துல வந்தீங்க. செருப்பக் கழட்டுங்க, கையக் கழுவிட்டு வாங்க. உங்க கூறைப் பொடவதான், நீங்களே புடிங்க."

சுகுமாறன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிரோஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தான்.

நிரோஷா சடையைப் பிரித்தாள். தறியின் ஊடாக, கொட்டகையின் அகலக் கதவு வழியாக, அது முற்றத்துக்கு நீண்டது. பாதி நிழலில், பாதி வெயிலில். கடைசி முனையை இரண்டு கத்தையாகப் பிரித்துச் சுகுமாறனின் இரண்டு கையிலும் சுற்றிக் கொடுத்தாள். அந்த முனைக்குச் சற்று முன்னால், இழைகள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டும் இடத்தில், ஒரு வெள்ளைக் கயிற்றால் கட்டியிருந்தாள்.

"இந்தக் கயித்தைத் தொடாதேங்கோ. ரெண்டு கையும் ஒரே அளவா இழுக்கோணும். ஒரு பக்கம் கூடினாலும் பிழை."

"எங்க லிப்ட் கேபிள் மாதிரிதான் அக்கா. ஆறு கம்பியும் ஒரே இழுப்புல இருக்கணும். ஒண்ணு லூசாப் போனா பாரமெல்லாம் மத்ததுல விழும்." அவன் ரம்புத்தான் மரத்தடிவரைக்கும் பின்னால் போய், உடம்பைச் சாய்த்து இழுத்தான்.

இழுத்த அந்த நொடியில் பாவு எழுந்தது.

மயிலம்மாள் கைப்பிடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை தொங்கிக் கிடந்த நூல் தரையிலிருந்து விறைத்து உயர்ந்தது. அவன் கையில் இரண்டு கயிறாக இருந்தது, வர வரப் பிரிந்து, அகன்று, அவள் வயிற்றுக்கு முன்னால் வந்து சேரும்போது நாலடி அகலத்துக்கு விரிந்துவிட்டது. வெயில் பட்ட இடத்தில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக மின்னியது. காற்று ஒரு பக்கத்தில் தொட்டால் அந்த நடுக்கம் மறுபக்கம்வரை ஓடி அடங்கியது.

"அம்மாடி" என்றாள் மயிலம்மாள்.

"சுத்துங்கோ மாமி. மெல்ல."

அவள் சுற்றினாள். உருளையின் ஓரத்திலிருந்த பல்சக்கரம் டக், டக் என்று விழுந்தது. சுகுமாறன் ஒரு அடி எடுத்து வைத்தான். நிரோஷா பழைய காலண்டர் தாளை நூலுக்கடியில் வைத்து, கையால் நீவி, சீப்புக்குள் இழைகள் ஒழுங்காக வருகிறதா என்று குனிந்து பார்த்தாள். "நில்லுங்கோ" என்றால் நின்றார்கள். "ம்" என்றால் சுற்றினார்கள்.

நாலாவது சுற்றில் மயிலம்மாள் கையை நிறுத்தினாள்.

"நிரோஷா, அங்க ஒண்ணு அறுந்திருக்கு."

"எங்க மாமி?"

"இடப்பக்கம். மஞ்சளு முடிஞ்சு செவப்பு தொடங்குற எடத்துல இருந்து ஏழாவது."

நிரோஷா குனிந்து தேடினாள். கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் ஒவ்வொன்றாக விலக்கினாள். ஏழாவது இழை, பக்கத்து இழையோடு ஒட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல இருந்தது. தொட்டதும் விலகித் தொங்கியது.

அவள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். "இதை என்னெண்டு கண்டனீங்க? நான் ஒரு கை தூரத்தில இருந்தும் எனக்குத் தெரியேல்லை!"

"தங்கக் கம்பியில தப்புப் புடிச்ச கண்ணு லா இது."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் பதினாறு நாள் ஞாபகம் வந்தது. மயிலம்மாள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு அங்க வச்சு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"பிறகு கதைப்பம் மாமி. அவருக்குக் கை நோகும்." சொன்ன குரலில் கோபம் இல்லை. அறுந்த இழையோடு புதுத் துண்டு ஒன்றை முடிந்து, எச்சில் தொட்டு முறுக்கிவிட்டாள்.

மயிலம்மாள் உற்சாகமாகச் சுற்றத் தொடங்கினாள். பேக்டரியில் அவள் ஒட்டிய கம்பி நகக்கண் அளவுகூட இருக்காது. கண்ணாடிக்கு அடியில் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தால் மறைந்துவிடும். இது அப்படி இல்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு முற்றம் நீளத்துக்குக் கிடந்தது. இதை ஒருத்தி, தனியாக, ஒரு இழைகூடத் தவறாமல் அளந்திருக்கிறாள். பொழுது போகாமல் செய்கிற வேலையா இது? சொன்ன வாயைத் தானே அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"மாப்ள, பாத்தீங்களா? உங்க பொண்டாட்டி கட்டப்போற பொடவ! இதக் கட்டிக்கிட்டு அவ மணவறையில உக்காந்தா ஊரே எந்திரிச்சுப் பாக்கும்."

முற்றத்தில் சுகுமாறன் காலடி மண்ணைப் பார்த்தான். அவன் இன்னும் கூரைக்கு வெளியே, வாசலிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தான். லிங்கிப் பக்கம் வானம் கறுத்து வந்திருந்தது.

"என்னா மாப்ள, கை வலிக்குதா?"

"அத்தை..." பிடியை ஒருமுறை இறுக்கிக்கொண்டான். "ஷாமினி கல்யாணம் வேணாம்னுட்டா."

பல்சக்கரம் நின்றது.

"என்னா சொன்னீங்க?"

"நேத்து சாயங்காலம் சிரம்பானுக்கு வரச் சொன்னா. போனேன். மோதிரத்தக் கழட்டிக் கையில குடுத்துட்டா. ஏன்னு கேட்டேன், எத்தனையோ தடவ கேட்டேன். 'உங்க மேல ஒரு தப்பும் இல்ல'ன்னு மட்டும் சொன்னா. பஸ்ஸு ஏறிப் போய்ட்டா. அதச் சொல்லத்தான் அத்தை காலையில வந்தேன். வந்த ஒடனே நீங்க கையில நூலக் குடுத்துட்டீங்க."

பத்திரிகை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக மயிலம்மாளின் கண்முன் வந்தன. மண்டபம். சொந்தக்காரர்கள். பத்து நாளைக்கு முன்னால் போனில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்த மகளின் குரல். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. கேட்காமல் விட்டுவிட்டாள்.

கைப்பிடியிலிருந்து கை நழுவியது. ஒன்றும் ஆகவில்லை. பல்சக்கரம் உருளையைப் பிடித்துக்கொண்டது. அவள் விட்டுவிட்டு வெளியே போகலாம், தரையில் உட்கார்ந்து அழலாம். தறிக்கு ஒரு கேடும் வராது.

ஆனால் சுகுமாறனால் விட முடியாது. அவன் விட்டால் எல்லாம் போய்விடும்.

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டு முட்டியும் வெளுத்திருந்தன. நூல் சுற்றிய இடத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது. தன்னை வேண்டாம் என்று சொன்னவளின் கூறைப் புடவையை, இழுப்பு ஒரு மயிரளவும் குறையாமல், அவன் பிடித்துக்கொண்டு நின்றான். மோதிரத்தைத் திரும்ப வாங்கிய அதே கைகள். இவ்வளவு நேரமும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இவன் நடந்து வந்தான்? ஒவ்வொரு அடியாக?

முதல் துளி விழுந்தது.

"மாமி, மழை!" நிரோஷா சீப்பிலிருந்து நிமிர்ந்தாள். "நனைஞ்சால் நூலுக்குப் போட்ட கஞ்சி கரைஞ்சு நூலெல்லாம் ஒட்டிப் போகும்!"

சுகுமாறன் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கவில்லை. அப்படியே முன்னால் கவிழ்ந்து, தன் முதுகை நூலுக்கு மேல் கூரையாகக் கொடுத்தான். கை மட்டும் நெஞ்சுக்கு அடியில் விறைப்பாக இருந்தது.

"மாப்ள, விட்டுடாதப்பா!"

"விடல அத்தை. நீங்க சுத்துங்க."

மயிலம்மாள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றினாள். சுற்றினாள். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. டக், டக், டக் என்று சக்கரம் விழுந்தது. நிரோஷா தாளைப் போட்டுக்கொண்டே போனாள், இப்போது "நில்லுங்கோ" என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்று பேரின் கையும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. மயிலம்மாள் சுற்றச் சுற்ற அவன் வந்தான். முதுகில் மழை பொட்டுப் பொட்டாக விழுந்து, சட்டை உடம்போடு ஒட்டி, தலைமுடியிலிருந்து சொட்டியது. சொட்டும்போதெல்லாம் அவன் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான், நூலில் படாமல்.

கடைசி அடியில் அவன் கூரைக்கு அடியில் வந்தான். அதற்குள் தகரத்தில் மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

அவன் முதுகு முழுக்க நனைந்திருந்தது. பாவில் ஈரம் இல்லை.

இன்னும் கொஞ்சம் சுற்றி, ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும்போது நிரோஷா கையைக் காட்டினாள். தறிக்கு அருகில் வந்து நின்ற சுகுமாறனின் கைக்கும் சீப்புக்கும் நடுவில், அந்த வெள்ளைக் கயிறு கட்டிய இடம் இருந்தது. அவள் இரண்டு மெல்லிய மரச்சட்டங்களை எடுத்து, கயிறு போன வழியிலேயே ஒன்றை மேலாகவும் ஒன்றைக் கீழாகவும் நுழைத்தாள். சட்டங்களை இரண்டு பக்கமும் கட்டினாள். பிறகு கயிற்றை அவிழ்த்து மெல்ல உருவினாள்.

"இப்ப பாருங்கோ மாமி."

இரண்டு சட்டத்தையும் விலக்கினாள்.

கும்பலாகக் கிடந்த நூல் திறந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒன்று கீழே. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு இழை இன்னொரு இழையின் இடத்தைத் தொடவில்லை. இத்தனை இழுப்பிலும், மழைப் பதற்றத்திலும், ஒவ்வொன்றும் தான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மேலும் கீழும் பிரிந்த நடுவில், வெளிச்சம் ஒரு கோடாக நீண்டது.

தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். சுகுமாறன் வாயைத் திறந்தபடி பார்த்தான். மயிலம்மாள் தன்னையறியாமல் இரண்டு கையையும் கூப்பியிருந்தாள்.

"இதெல்லாம் நீ செஞ்சதா?" என்றாள் கடைசியில்.

"மூண்டு பேரும் சேந்து செய்தது மாமி."

நிரோஷா சுகுமாறனின் கையிலிருந்து கத்தைகளை வாங்கி முடிச்சுப் போட்டாள். அவன் விரல்கள் விரிய மறுத்தன. மயிலம்மாள் அந்தக் கைகளைத் தன் முந்தானையில் பொத்தித் துடைத்துத் தேய்த்துவிட்டாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி நின்றான்.

பிறகு அவள் போனை எடுத்தாள். இந்தத் தடவை இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் ஷாமினி.

"எங்கடி இருக்க? நான் இப்பவே ஜோகூருக்குக் கெளம்பி வர்றேன்."

"ஜோகூருக்கு வராதீங்கம்மா. நான் அங்க இல்ல. ராசாவுல இருக்கேன். அண்ணியோட அப்பா வீட்டுல."

அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. லைன் அறுந்தது.

மயிலம்மாள் மெல்லத் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

நிரோஷா மறைக்கவில்லை. "தெரியும் மாமி. நேற்று எங்கட வீட்டில போய் நிண்டுகொண்டு எனக்குப் போன் எடுத்தவ. அம்மாவுக்கு நானே சொல்றன், நீங்க சொல்லாதீங்க எண்டு அழுதவ. கல்யாணம் நடக்காது எண்டவ. அப்ப பாவு சுத்தாமல் நிப்பாட்டட்டோ எண்டு கேட்டன்."

"என்ன சொன்னா?"

"நிப்பாட்டாதீங்க அண்ணி, நாளைக்கே சுத்திடுங்க, அந்தப் பொடவ எனக்கு வேணும் எண்டு சொன்னவ."

சுகுமாறன் தலை நிமிர்ந்தான். "வேணும்னா சொன்னா?"

"ஓம். வேணும் எண்டுதான் சொன்னவ. ஏன் எண்டு கேட்டன். சொல்லேல்லை."

மயிலம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நேற்றிலிருந்து தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். தேடிப் பார்த்தாள், கோபம் அகப்படவில்லை. உருளையைப் பார்த்தாள். ஏழு மீட்டர் அரக்குச் சிவப்பு, ஒரு சுருக்கமில்லாமல், அதில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அடுத்து என்னா வேலை இதுல?"

"ஒவ்வொரு இழையா எடுத்துத் தறியில இருக்கிற கண்ணுக்குள்ள கோக்கோணும். நான் தனிய எண்டால் ஒரு கிழமை."

"நாளைக்குக் காலையில நான் வர்றேன். ரெண்டு பேருமா கோப்போம். இப்பக் கதவப் பூட்டு." சுகுமாறனிடம் திரும்பினாள். "காடிய எடுப்பா. ராசாவுக்கு."

மழையில் கார் ஓடி அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ராசாவில் நிரோஷாவின் அப்பா இராஜரத்தினத்தின் வீட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது, அவரே குடையோடு கேட்டைத் திறந்தார். ஓய்வுபெற்ற கிளார்க், எதையும் அளந்து பேசுகிறவர். மகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், கடைசியில் பின்னால் நனைந்துகொண்டு நின்ற சுகுமாறனைப் பார்த்தார்.

"உள்ளுக்கு வாங்கோ சம்பந்தி. ஆனால் தம்பி கொஞ்சம் வெளியில நிக்கட்டும். பிள்ளை உங்களோடை மட்டும்தான் கதைக்க வேணுமாம்."

சுகுமாறன் இரண்டு அடி பின்வாங்கினான்.

மயிலம்மாள் கேட்டைத் தாண்டவில்லை. "அவரு வெளியில நின்னா நானும் வெளியிலதான் நிக்கிறேன் சம்பந்தி. போய்ச் சொல்லுங்க."

"மழை பெய்யுது..."

"பெய்யட்டும்."

இராஜரத்தினம் என்ன செய்வது என்று தெரியாமல் குடையை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. நிரோஷாவும் மாமியாருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நாலு பேரும் மழையில் நின்றார்கள்.

உள்ளே சன்னல் திரை விலகியது. பிறகு கதவு பாதி திறந்தது. ஷாமினியின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அம்மா... அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. சொல்லிடுறேன்."